கம்பளிக்குள் தூங்கிய பீட்சா மாவு

மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிற வயதுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிகளே, ஒன்று சொல்லப் போகிறேன், சிரிக்கக் கூடாது. நான் முதன்முதலாகப் பீட்சா தின்றது கொழும்பில் இல்லை. பண்டாரவளையில் கண்ணாடிக் கதவு போட்ட கடையிலும் இல்லை. அப்புத்தளைக்குக் கீழே, பனி இறங்கினால் எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியாத எங்கள் தோட்டத்தில், புகை பிடித்த எங்கள் காம்பரா வீட்டில், மிளகாய் இடித்த கட்டச் சம்பல் தொட்டுத் தின்றேன்.

இப்போது வீட்டுக்கு வந்துபோகிற என் பிள்ளைகள் போனைத் தட்டினால் அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகிறது. பெட்டியைத் திறந்தால் அவர்களுக்குச் சீஸ் மணக்கிறது. எனக்கோ ஈரக் கம்பளி மணக்கிறது. "அம்மாவுக்கு மூக்குல ஏதோ கோளாறு" என்கிறார்கள். அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? உங்களுக்குத் தெரியும். கொழுந்து பறிக்கப் போகிற நம் அம்மாமார் மழைக்குத் தலையில் போட்டுக்கொண்ட அந்த முரட்டுக் கறுப்புக் கம்பளி! நனைந்தால் ஆட்டுப்பட்டி நாற்றம் நாறும். ஆனாலும் உள்ளே நுழைந்துகொண்டால் வெளியே வர மனசு வராது.

அந்த மழைக்காலத்தில்தான் சித்தி டுபாயிலிருந்து வந்து இறங்கினாள். என் அம்மாவின் தங்கச்சி. சித்தப்பா கொழும்புக்கு வேலைக்கென்று போய் அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டபின், நடக்கப் பழகியிருந்த பாப்பாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சித்தி வீட்டு வேலைக்குப் போனாள். அவள் திரும்பி வந்தபோது பாப்பா ஓடுகிற, பாடுகிற, கேள்வி கேட்டு உயிரை வாங்குகிற பிள்ளையாகியிருந்தாள். எங்கள் அம்மாவைத்தான் "அம்மா" என்பாள். சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி "இது யாரு?" என்று கேட்டால், "போட்டோ அம்மா" என்பாள்.

போட்டோ அம்மா ஒரு பெரிய பெட்டியோடு வந்து நின்றாள். பெட்டிக்குள்ளிருந்து சவர்க்காரம், நைலெக்ஸ் சேலை, எனக்கு மினுமினுக்கிற சப்பாத்து, நீல டின்னில் அடைத்த சீஸ் எல்லாம் வந்தன. பாப்பாவுக்குக் கண்ணை மூடித் திறக்கிற பொம்மை. பாப்பா பொம்மையை வாங்கிக்கொண்டு நேரே அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். சித்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ ரொம்ப நேரம் தேடினாள். அங்கே தேடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்கே தெரிந்தது.

தைப்பொங்கல் கழிந்ததும் சித்தி மறுபடி டுபாய் போக வேண்டும், ஏஜென்ட் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தான். சித்திக்கோ போக விருப்பமில்லை. ஒரு நாள் காலையில் ரயிலேறி எல்லவுக்குப் போனாள். அங்கே வெள்ளைக்காரர் வந்து தங்குகிற கெஸ்ட் ஹவுஸ் ஒன்றை ஒரு சிங்கள நோனா நடத்தி வந்தார். கூட்டித் துடைக்கிற வேலை கேட்கத்தான் போனாள். நோனா, "கூட்டுறதுக்கு ஆள் இருக்கு. வர்றவங்க எல்லாம் பீட்சா பீட்சான்னு கேக்குறாங்க. அது செய்யத் தெரியுமா?" என்று கேட்க, இவள் தயங்காமல், "நான் இருந்ததே இத்தாலிக்காரங்க வீடுங்க நோனா" என்றிருக்கிறாள். மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து காட்டு, சரியாயிருந்தால் வேலை, சமைக்கிற குசினிக்குப் பின்னால் ஒரு அறை, பிள்ளையையும் வைத்துக்கொள்ளலாம் என்று நோனா சொல்லி அனுப்பினார்.

சித்தி வந்து இதைச் சொன்னபோது அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"பீட்சான்னா என்னடி?"

"ரொட்டி மாதிரிதான்க்கா. மேல தக்காளி, சீஸ் எல்லாம் போட்டுச் சுடுவாங்க."

"ரொட்டி மாதிரின்னா ரொட்டிதானே. அதுக்கு எதுக்கு ஒரு பேரு?"

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. அம்மா இந்தப் பீட்சாவை ஏன் முதல் நாளிலிருந்தே கரித்துக் கொட்டினாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. புதுச் சமையல் என்றால் அவளுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்கிருந்த மூளை.

முதல் பீட்சாவைக் கேளுங்கள். கோதுமை மாவைக் கொட்டிச் சித்தி தண்ணீர் ஊற்றப் போனாள். நம் வீட்டுக் கைகளுக்கு ஒரே ஒரு மாவுதான் தெரியும். விரலில் ஒட்டாமல், கல்லுப் போல உருட்டிப் பிசைந்து, தட்டிப் போட்டால் மத்தியானம் மலையில் வைத்துத் தின்னும்வரை பசி தாங்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் சித்தி இறுக்கிப் பிசைந்தாள். பிசைகிற நினைவில் ஒரு கை தேங்காய்ப்பூவையும் அள்ளிப் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் "ஐயையோ!" என்று நாக்கைக் கடித்தாள். எடுக்கவா முடியும்? ரொட்டிக் கல்லில் போட்டு, தக்காளியை வதக்கிப் பூசி, டின் சீஸைத் துருவித் தூவினாள். அப்பா தொழிற்சாலையிலிருந்து தேயிலைத் தூசியோடு வந்து உட்கார்ந்தார். ஒரு துண்டைச் சம்பலில் தோய்த்து மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு, கொழுந்தியா. ஆனா இதுக்கா டுபாய் வரைக்கும் போன?"

நாங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். சித்தியும் சிரித்தாள். மறுநாள் மத்தியானம், அடுப்படியில் நாங்கள் இல்லை என்று நினைத்து அவள் அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தாள். நான் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து சப்பாத்துக்கு வார் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாவைத் தொட விட மாட்டாங்கக்கா. டுபாய்ல அந்த வீட்டம்மா தானே பிசையும். நான் தக்காளி அரிஞ்சு குடுப்பேன், பாத்திரம் கழுவுவேன். கழுவிக்கிட்டே ஓரக் கண்ணால பாத்ததுதான்."

"அப்புறம் எந்தத் தைரியத்துலடி தெரியும்னு சொல்லிட்டு வந்த?"

"தெரியாதுன்னா பாப்பாவ விட்டுட்டு மறுபடி போகணுமே!"

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அந்தம்மா மாவு எப்படி இருக்கும்? பாத்தத சொல்லு" என்றாள்.

"உப்பி இருக்கும். புள்ள கன்னம் மாதிரி."

உப்ப வேண்டுமென்றால் ஈஸ்ட் வேண்டும். சித்தி அப்புத்தளை டவுனுக்குப் போய், பாண் போடுகிற பேக்கரியில் கெஞ்சிக் காகிதத்தில் மடித்து வாங்கி வந்தாள். பாண் சுடுகிற பாஸ் ஒரு யோசனையும் சொல்லி அனுப்பியிருந்தார். பனி அடிக்கிற நாளில் ஈஸ்டைக் கொஞ்சம் கூடப் போட வேண்டுமாம். சித்தி அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஆனால் முதல் தடவை அந்த ஈஸ்டைக் கொதிக்கக் கொதிக்க இருந்த தண்ணீரில் கரைத்தாள். குளிருக்கு எல்லாவற்றையும் கொதிக்க வைத்தே பழகிய கை அல்லவா! ஈஸ்ட் செத்துப் போனது. மாவு காலையில் வைத்த மேனிக்கு மாலை வரை கிடந்தது.

அடுத்த தடவை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் தண்ணீர் எடுத்து, கையில் ஒட்ட ஒட்டப் பிசைந்து, பானையில் போட்டு மூடினாள். அப்போதும் மாவு அசையவில்லை. எங்கள் காம்பராவின் குளிர் அப்படி! சித்தி அங்குமிங்கும் பார்த்து, அன்று மழையில்லாததால் ஆணியில் தொங்கிய அம்மாவின் கம்பளியை எடுத்துப் பானையைச் சுற்றிப் போர்த்தி அடுப்போரம் வைத்தாள். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பார்த்தாள். கத்தப் போகிறாள் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். பாப்பா முந்திக்கொண்டு, "அம்மா, சத்தம் போடாத. மாவு தூங்குது" என்றாள்.

மாவு தூங்கி எழுந்தால் பெரிதாகிவிடும் என்று சித்திதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்திலிருந்து வந்ததும் பாப்பா பானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அம்மா அவளைத் தூங்க வைக்கப் பாடுகிற ஆராரோவைப் பானைக்குப் பாடுவாள். நடுவில் கம்பளியைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் முழிக்கல" என்று எல்லோருக்கும் அறிவிப்பாள்.

தூங்கிய மாவு எழுந்தது. எழுந்ததோடு நில்லாமல் வாசத்தையும் கிளப்பியது. ஈஸ்ட் புளித்த வாசம் சும்மா இருக்குமா? லயம் நெடுக நடந்து, வரிசைக் கடைசிக் காம்பரா வரைக்கும் போனது. நம் தோட்டங்களில் புளித்த வாசம் வந்தால், ஈஸ்டும் வாங்கினால், அதற்கு ஒரே அர்த்தம்தான். கள்ளத்தனமாகக் கசிப்புக் காய்ச்சுகிறார்கள். போர்த்தி மூடி வைத்த பானையில் சாராயக் கோடா ஊறுகிறது. டுபாய்க்காரி வந்த கையோடு சாராயத் தொழில் தொடங்கிவிட்டாள் என்று குழாயடியில் பேச்சு ஓடியது. வெளிநாடு போய் வந்த பெண் என்றால் எதையும் நம்புவார்கள்.

தோட்டத் தலைவர் குடையோடு வந்து வாசலில் நின்றார். பின்னால் பாதி லயம் நின்றது.

"தங்கச்சி, பானைய ஒருக்கா பாக்கணும். தப்பா நெனைக்காதீங்க."

வீட்டுக்குள் காலை முதல் "உன் பீட்சாவும் நீயும்" என்று சித்தியைத் திட்டிக்கொண்டிருந்த அம்மா, கதவை மறித்து நின்றாள். "என் தங்கச்சி நாலு வீட்டக் கழுவித் தொடச்சு புள்ளைக்கு அனுப்பினவ. கோடா போடுறவ இல்ல. பாருங்க தலைவரே, நல்லாப் பாருங்க. பாத்துட்டு இந்தக் கூட்டத்துக்கும் சொல்லிட்டுப் போங்க!"

தலைவர் கம்பளியை விலக்கி மூடியைத் திறந்தார். திரவம் இருக்கும் என்று நினைத்து விரலை விட்டார். விரல் பொதுக்கென்று உள்ளே போய்விட்டது. இழுத்தால் மாவு கூடவே வருகிறது. உதறினார், போகவில்லை. "தூங்குற புள்ளைய ஏன் குத்துறீங்க?" என்று பாப்பா ஓவென்று அழ ஆரம்பித்தாள். தலைவருக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது.

"என்னம்மா இது, எந்தச் சாமிக்குப் படையல்?"

"பீட்சா, தலைவரே. தின்னுறதுதான்" என்றாள் சித்தி.

அன்று அதைச் சுட்டு அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம். கிறிஸ்மஸ் கேக் சுடுகிறவர்கள் செய்வதுபோல, பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, உள்ளே தட்டை வைத்து, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைத் தணல் கொட்டிச் சுட்டது. சீஸ் குறைந்துபோனதால் சித்தி மேலே வறுத்த நெத்தலியைத் தூவியிருந்தாள். விளிம்பு கருகிப் போயிருந்தது. ஆனால் நடுவில், அடடா! கடித்தால் பஞ்சாக அமுங்கியது. தலைவர் சப்புக் கொட்டிக்கொண்டு போய், அது சாராயமில்லை, ஒரு மாதிரி மெத்தை ரொட்டி என்று லயத்துக்கு அறிவித்தார். அதன்பிறகு நாங்கள் பீட்சா சுடுகிற நாளெல்லாம் வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

அந்த நாட்களில் ஒன்றில் நடந்ததுதான் என் கண்ணை விட்டுப் போகாமல் இருக்கிறது. சித்தி முழங்கை வரை மாவோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா அதுவரை அவளுக்கு ஒரு கை தூரத்தில்தான் நிற்பாள், "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவாள். அன்று என்ன நினைத்தாளோ, பானைக்குள் எட்டிப் பார்க்க வசதியாக நேரே வந்து சித்தியின் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சித்தி இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக்கொண்டாள். பிள்ளையின் சட்டையில் மாவு படக் கூடாதே என்ற பயமா, தொட்டால் எழுந்து ஓடிவிடுவாள் என்ற பயமா, தெரியவில்லை. கட்டிப்பிடிக்கவும் முடியாமல், கையை இறக்கவும் முடியாமல், கண்ணீர் மட்டும் கன்னத்தில் வழிய அப்படியே உட்கார்ந்திருந்தாள். "ஏன் அழுவுறீங்க?" என்று பாப்பா கேட்டாள். "வெங்காயம்" என்றாள் சித்தி. அங்கே வெங்காயமே இல்லை.

அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இந்தப் பச்சை விறகு கண்ணைக் கெடுக்குது" என்று அடுப்பை வைதுகொண்டே வெளியே போனாள். மழையில் அவள் நெடுநேரம் வாசலில் நின்றாள்.

மார்கழி ஞாயிறு வந்தது. விடிந்தபோது அப்படியொரு பனி. சித்தி, மாவு எழும்பாவிட்டால் எல்லாம் போச்சே என்று, பேக்கரி பாஸ் சொன்ன மந்திரத்தை நினைத்து, ஈஸ்டை இரண்டு மடங்காகப் போட்டுவிட்டாள். அம்மா கம்பளியால் பானையைச் சுற்றி, தானே மடியில் வைத்துக்கொண்டாள். "நீ வச்சா பதட்டத்துல போட்டு ஒடைப்ப" என்றாள். சித்தி, அம்மா, நான், பாப்பா, பானை எல்லோரும் அப்புத்தளையில் ரயில் ஏறினோம்.

எங்களில் ஒருவருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. அப்புத்தளைக் குளிருக்குப் போட்ட ஈஸ்ட், எல்லவுக்கு இறங்குகிற ரயிலில் என்ன பாடு படுத்தும்? பண்டாரவளை தாண்டியதும் பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. பெட்டிக்குள் சனக் கூட்டத்தின் சூடு வேறு. மேலே கம்பளி, கீழே அம்மாவின் மடி. பாப்பாதான் முதலில் கண்டாள்.

"மாவு முழிச்சிருச்சி!"

மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே வந்தது. கம்பளியில் வழிந்தது. எதிர் ஆசனத்துச் சிங்கள அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சுக்கா. எல்லாம் போச்சு. இதக் கொண்டுபோய் என்னத்த காட்டுறது? நான் போகத்தான் போறேன், அது என் தலையெழுத்து."

அம்மா பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். திறந்திருந்தது. கீழே பள்ளத்தாக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுக்கப் போகிறாள் என்று நினைத்து நான் விலகிக்கொண்டேன். என் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போன பிறகுதான் அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. பானையை ஒரு சாய்ப்புச் சாய்த்திருந்தால் போதும். வேலையும் இல்லை, எல்லவும் இல்லை. சித்தி டுபாய் போவாள். பாப்பா எங்கள் வீட்டில், அம்மாவின் பாயில், அம்மாவின் கைக்குள் தூங்கியிருப்பாள்.

அம்மா கைவளையலை முழங்கைக்கு ஏற்றினாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். முஷ்டியை மடக்கி மாவுக்குள் ஓங்கிக் குத்தினாள்.

"குத்தாதீங்கக்கா! காத்துப் போயிரும்!"

"காத்துப் போனா மறுபடி வரும்டி. நீ போனா எப்ப வருவ?"

ரொட்டிக்கு மாவை மடிப்பதுபோல அவள் மடித்தாள், அமுக்கினாள், மறுபடி மடித்தாள். "அடங்கு, அடங்கு" என்று அதட்டிக்கொண்டே பிசைந்தாள். எத்தனையோ வருசம் விடியற்காலையில் ரொட்டி தட்டிய கை அது. மாவு அடங்கியது. எல்லவில் நோனாவின் குசினிக்குள் நுழைந்தபோது மறுபடி மெதுவாகத் தலை தூக்கியிருந்தது. முதல் தடவையைவிட மழமழவென்று, அழகாக இருந்தது. அப்படி ஒருமுறை குத்தி அடக்கினால்தான் மாவு நன்றாக வரும் என்று பிற்பாடு சித்தியே சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

நோனாவின் 'அவன்' அடுப்பில் தட்டுமுட்டுச் சாமான்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சூடேற்றிச் சுட்டாள் சித்தி. எங்கள் தோட்டத்துப் பாத்தித் தக்காளி, கடைசித் துளி டின் சீஸ், பழக்க தோசத்தில் கொஞ்சம் நெத்தலி. வெளியே இரண்டு வெள்ளைக்காரர்கள் காத்திருந்தார்கள். தட்டு போனது. நாங்கள் குசினிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்டதில்லை.

தட்டு காலியாகத் திரும்பி வந்தது. நோனா பின்னாலேயே வந்தார். "இன்னும் ஒண்ணு கேக்குறாங்க. அந்தச் சின்ன மீன் நெறையப் போடச் சொல்றாங்க. நீ இன்னைக்கே நின்னுக்கோ, ராவைக்கும் ஆக்கள் வர்றாங்க."

இன்றைக்கே! நாங்கள் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. சித்திக்கு மாற்றுச் சேலை கூட இல்லை. பாப்பா அலைந்த களைப்பில் பின்னறையில் கம்பளிமேல் தூங்கிப் போயிருந்தாள். எழுப்பிச் சொல்லிக்கொண்டு வரலாம் என்றேன். "தூங்குற புள்ளைய எழுப்பாத" என்றாள் அம்மா. குனிந்து, மாவு காய்ந்து ஒட்டியிருந்த கம்பளியின் மறுபாதியை இழுத்துப் பாப்பாவின் கழுத்து வரை போர்த்தினாள்.

"கம்பளிய எடுத்துட்டுப் போங்கக்கா. எல்லவுல அவ்வளவு குளிராது. மழையில நீங்க என்ன பண்ணுவீங்க?"

"இருக்கட்டும்டி. முழிச்சா என் வாசம் தேடுவா."

பின்னேர ரயிலில் அம்மாவும் நானும் திரும்பினோம். வெறும் பானையும் நீல டின்னும் அம்மாவின் மடியில் இருந்தன. அந்த டின்னில் அவள் பல வருசம் மிளகாய்த்தூள் போட்டு வைத்திருந்தாள். லயம் மாறிய போது எங்கேயோ தொலைந்துவிட்டது. அப்புத்தளையில் பனி எங்களுக்காகக் காத்திருந்தது.

மறுநாள் காலையில் கொட்டுகிற மழை. நான் பள்ளிக்கூடம் போகிற பாதை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தை ஒட்டித்தான் போகும். பெண்கள் எல்லோரும் கம்பளிக்குள் ஒடுங்கி வரிசையில் நின்றார்கள். அம்மா மட்டும் ஒரு உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நனைந்து, கூடையோடு நின்றாள்.

கங்காணி பார்த்துவிட்டார். "கம்பளி எங்கம்மா? இந்த மழைக்கு இப்படியா வருவ?"

அம்மா முகத்துத் தண்ணீரைப் புறங்கையால் வழித்தாள். "எல்லவுல விட்டுட்டு வந்துட்டேங்க."

"அங்க எதுக்கு?"

"மாவுக்குப் போத்திவிட்டேன், ஐயா. குளிர்ந்தா எந்திரிக்காதுல்ல" என்று சொல்லிவிட்டு, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலையேறிப் போனாள்.